நடுவழியில் அந்தரித்து நின்றால் டிக்கெட் ஏஜென்ட் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ டிக்கெட் போடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வாங்கும்போது சனம் கேட்கிற ஒரே கேள்வி "இன்னும் குறைக்க ஏலாதா?" என்பதுதான். மற்றக் கேள்வியெல்லாம் டோஹாவிலோ சென்னையிலோ இரவு 2 மணிக்கு நிற்கும்போதுதான் வரும். கொழும்பில் டிக்கெட்டிங் வேலையில் இருப்பதால், அந்த நேரத்துக் கோல்களில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். விசா விதிகள் அடிக்கடி மாறுபவை, வெளிக்கிட முன் ஒருதடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிளைட் ரத்தாகிவிட்டது. வரிசையில் நிற்கவா, ஏஜென்ட்டுக்குக் கோல் அடிக்கவா?

வரிசையில் நின்றுகொண்டே அடியுங்கள். பெரிய விமானம் ஒன்று ரத்தானால் இருநூறு முந்நூறு பேர் ஒரே கவுண்டருக்குத்தான் போவார்கள், அடுத்த ஃபிளைட்டில் மிச்சமிருக்கிற கொஞ்ச சீட்டும் முன்னால் நிற்பவர்களோடு முடிந்துவிடும். ஏஜென்ட்டுக்கு அந்த வரிசை கிடையாது. அமேடியஸ், சேபர், கலிலியோ என்று நாங்கள் பாவிக்கிற முறைமைகளில் எந்த ஊர் வழியாக, எந்தக் கம்பனியில், எந்த வகுப்பில் இடம் இருக்கிறது என்று உடனே பார்க்கலாம். கவுண்டரில் இருக்கிறவர் முதலில் தன் கம்பனி ஃபிளைட்டைத்தான் தேடுவார். உங்கள் முறை வரும்போது "அடுத்தது எப்ப?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்றிரவு இந்த இலக்க ஃபிளைட்டில் இடம் இருக்கிறது, அதில் போட்டுத் தாருங்கள்" என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது.

கவுண்டரில் "உங்கள் ஏஜென்ட்டிடம் போங்கள்" என்கிறார்கள். ஏஜென்ட் "கவுண்டரில்தான் செய்ய வேண்டும்" என்கிறார். யார் சொல்வது சரி?

அதிகம் வரும் கோல் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்த நிமிடத்தில் டிக்கெட் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏஜென்சி வெளியிட்ட டிக்கெட்டை, நீங்கள் செக்-இன் செய்யும் வரைக்கும் ஏஜென்ட் மாற்றலாம். செக்-இன் ஆனதும் அந்தப் பகுதியின் கட்டுப்பாடு விமானக் கம்பனிக்குப் போய்விடும். எங்கள் திரையில் எல்லாம் தெரியும், ஆனால் கை வைக்க முடியாது. ஆகவே போர்டிங் பாஸ் எடுத்தபின் ரத்தானாலோ, பாதி வழியில் ட்ரான்சிட்டில் நின்றாலோ, மாற்றித் தர வேண்டியது கவுண்டர். நாளைக்கோ நாளை மறுநாளோ போக வேண்டிய ஃபிளைட் இன்று ரத்தாகிறது என்றால் ஏஜென்ட் செய்யலாம். விமானக் கம்பனி அதற்கென்று ஓர் அனுமதிக் குறியீடு தரும், அதைப் போட்டு மேலதிகக் காசு இல்லாமல் டிக்கெட்டைத் திரும்ப வெளியிடுவோம்.

நீங்களாகத் திகதி மாற்றினால் உங்களை ஏஜென்ட்டிடம் அனுப்புவது நியாயம்தான். அவர்கள் ரத்தாக்கிய ஃபிளைட்டுக்கு, அதுவும் அன்றைக்கே, ஏஜென்ட்டிடம் தள்ளிவிட்டால் நகராதீர்கள். சத்தம் போடத் தேவையில்லை. "ரத்தாக்கியது நீங்கள், நான் செக்-இன் செய்துவிட்டேன், மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள்" என்று ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அதற்கிடையில் ஏஜென்ட்டிடம், விமானக் கம்பனியின் கொழும்பு அலுவலகத்தில் கதைத்து உங்கள் பதிவில் ஒரு குறிப்பு எழுதுவிக்கச் சொல்லுங்கள். பிறகு கவுண்டரில் "பதிவில் குறிப்பு இருக்கிறது, பாருங்கள்" என்றால் தொனி மாறும்.

ஏஜென்ட்டுக்கு என்ன அனுப்ப வேண்டும்?

அழுதுகொண்டு நாலு நிமிட வொய்ஸ் மெசேஜ் அனுப்பாதீர்கள், அதைக் கேட்டு முடிக்க முன் சீட் போய்விடும். எழுத்தில் ஒரே மெசேஜ் போதும். பி.என்.ஆர் என்கிற, டிக்கெட்டில் இருக்கும் பதிவுக் குறியீட்டையும் போடுங்கள். இப்படி:

"அண்ணா, டோஹாவில் நிற்கிறேன். கொழும்பு ஃபிளைட் ரத்து. பி.என்.ஆர் இது. நாளை இரவுதான் என்கிறார்கள். அம்மாவும் நானும், இரண்டு பேரும் இலங்கைப் பாஸ்போட், வேறு நாட்டு விசா ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு வீல்செயார் வேண்டும். பெட்டி கொழும்பு வரைக்கும் போட்டாச்சு. நாளை பகலுக்குள் ஏதாவது இருக்கா?"

கூடவே போர்டிங் பாஸையும், கவுண்டரில் தந்த கடதாசி இருந்தால் அதையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஒருவரே அனுப்புங்கள். மகன் லண்டனிலிருந்தும் மருமகள் கொழும்பிலிருந்தும் தங்கை டொரண்டோவிலிருந்தும் தனித்தனியாக அடித்து ஆளுக்கொரு திகதி சொன்னால், உங்களுக்காகப் பிடித்து வைத்த சீட்டையே யாராவது கைவிடச் சொல்லிவிடுவார்கள்.

வேறு வழியாக, பிராங்க்பர்ட் ஊடாகப் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். சரி என்று சொல்லலாமா?

உங்கள் கையில் இருக்கிறது எந்தப் பாஸ்போட்? இலங்கைப் பாஸ்போட் என்றால் நில்லுங்கள்.

ஷெங்கன் நாடுகளின் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய, ஜேர்மனி, பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய நாடுகள்) விமான நிலையத்தில், வெளியே வராமல் ஃபிளைட் மாறுவதற்கே விசா கேட்கப்படும் நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. செல்லுபடியான ஷெங்கன் விசாவோ, அமெரிக்கா, கனடா, ஜப்பான் போன்ற குறிப்பிட்ட சில நாடுகளின் விசாவோ வதிவிட அனுமதியோ இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஒன்றும் இல்லையென்றால் அந்த ஃபிளைட்டில் ஏற்றவே மாட்டார்கள். ஆனால் புதிய வழியைப் போட்டுத் தருவது பல நேரம் கம்பியூட்டர், அதற்கு உங்கள் பாஸ்போட்டின் நிறம் தெரியாது. கவுண்டரில் இருப்பவரும் அவசரத்தில் கவனிக்காமல் விட்டுவிடலாம். அப்புறம் ஏறும் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, பழைய இடமும் போய், வரிசையின் கடைசியில் நிற்பீர்கள்.

கனேடியப் பாஸ்போட் மகனும் இலங்கைப் பாஸ்போட் அம்மாவும் சேர்ந்து பயணம் செய்யும்போது இது இன்னும் சிக்கல், மகனுக்குச் சரியான வழி அம்மாவுக்குச் சரிவராது. சிங்கப்பூர் வழி என்றால் இலங்கையருக்குப் பொதுவாகச் சிக்கல் குறைவு. எதுவானாலும் "ஓம்" சொல்ல முன் ஏஜென்ட்டிடம் கேளுங்கள். விமானக் கம்பனிகள் பார்க்கிற விசாத் தரவுதான் அவர் திரையிலும் வரும், பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

கொழும்பு–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–லண்டன் இன்னொரு டிக்கெட். முதல் ஃபிளைட் பிந்தி இரண்டாவது போய்விட்டது. யார் பொறுப்பு?

நீங்கள். கசப்பாக இருக்கும், ஆனால் உண்மை. இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் உங்களை லண்டனில் கொண்டுபோய்ச் சேர்ப்பது விமானக் கம்பனியின் கடமை. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது கம்பனிக்கு, நீங்கள் நேரத்துக்கு வராத ஒரு பயணி, அவ்வளவுதான். அதோடு சென்னையில் பெட்டியை எடுத்துத் திரும்பப் போடுவதற்கு இமிக்ரேஷன் தாண்ட வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஈ-டிக்கெட்டில் 13 இலக்கங்கள் கொண்ட டிக்கெட் நம்பர் இருக்கும், முதல் மூன்று இலக்கம் விமானக் கம்பனிக்குரியது, ஸ்ரீலங்கன் என்றால் 603. ஒரே ஆளுக்கு, முழுப் பயணத்துக்கும் ஒரே நம்பர் இருந்தால் ஒரே டிக்கெட். நாலு ஃபிளைட்டுக்கு மேல் போனால் மட்டும் அடுத்தடுத்த இரண்டு நம்பர் வரும், அதில் பயமில்லை. முப்பதாயிரம் ரூபா குறைகிறது என்று இரண்டாகப் பிரித்துத் தரும் ஏஜென்ட் இந்த ஆபத்தை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் தந்தால் அவரிடம் திரும்பிப் போகாதீர்கள்.

போகும் ஃபிளைட்டை விட்டுவிட்டேன். திரும்பி வருவது இருக்கும்தானே?

இருக்காது. ஒரு பகுதிக்கு ஏறாவிட்டால் மிச்சம் எல்லாம் தானாக ரத்தாகிவிடுவது வழமை. பிந்தப் போகிறீர்கள் என்று தெரிந்தால் ஃபிளைட் கிளம்ப முன், கட்டுநாயக்க வீதியில் நிற்கும்போதே, ஏஜென்ட்டுக்கு அடியுங்கள். கிளம்ப முன் மாற்றினால் ஒரு கட்டணம், கிளம்பிய பின் வராத பயணிக்கான தண்டமும் சேரும், சில மலிவு டிக்கெட்டுகளில் முழுக் காசும் போய்விடும்.

ஹோட்டல், சாப்பாடு யார் தருவது?

எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த ஃபிளைட்டானாலும், எந்த நாட்டுக் கம்பனியானாலும், அங்கத்தைய சட்டம் பொருந்தும். பாரிஸிலிருந்து கொழும்புக்கு வரும்போது ரத்தானால் சாப்பாடு, தங்குமிடம், மாற்றுப் பயணம் எல்லாம் கம்பனியின் பொறுப்பு. அவர்களுடைய பிழையால் நாலு மணித்தியாலத்துக்கு மேல் பிந்திப் போய்ச் சேர்ந்தால் இந்தத் தூரத்துக்கு 600 யூரோ நட்ட ஈடும் கேட்கலாம். லண்டனிலிருந்து வரும்போதும் அதேபோன்ற சட்டம், 520 பவுண். கொழும்பிலிருந்து போகும்போது, போகிற கம்பனி ஐரோப்பியக் கம்பனியாக இருந்தால்தான் அது பொருந்தும். கனடாவுக்குப் போய்வரும் ஃபிளைட்டுகளுக்கு 2019இல் வந்த விதிகள் இருக்கின்றன, பெரிய கம்பனியின் பிழையால் ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் 1000 கனேடிய டொலர். ஏஜென்ட்டே உங்களுக்காக எழுதித் தரலாம். சிலர் அதற்குக் காசு கேட்பார்கள், ஆனால் கம்பனியின் இணையத்தளத்தில் நீங்களே இலவசமாக நிரப்பக்கூடிய படிவம்தான்.

புயல், போர் மாதிரி விஷயங்களுக்கு நட்ட ஈடு இல்லை, ஐரோப்பாவில் சாப்பாடு, தங்குமிடம், மாற்றுப் பயணம் மட்டும் உண்டு. 2024 ஏப்ரல் 16 டுபாய் மழையும், 2025 ஜூன் 23 கட்டார் வான்வெளியை மூடியதும் நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் ஹோட்டல் கூப்பன் கையில் இருந்தாலும் ஹோட்டலில் அறை இருக்காது. நீங்களே எடுக்க வேண்டி வந்தால் அளவான இடமாக எடுத்து எல்லா ரசீதையும் வைத்திருங்கள், "விமானம் ரத்து" என்று கம்பனியிடம் எழுத்தில் ஒன்றும் வாங்குங்கள்.

போனுக்கு "ரீஃபண்ட்" என்று ஒரு லிங்க் வந்திருக்கிறது. அழுத்தலாமா?

வீட்டில் இருந்தால் யோசித்து அழுத்துங்கள். நடுவழியில் நிற்கும்போது தொடவே தொடாதீர்கள். காசைத் திரும்ப வாங்கினால், உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கடமையும் அத்தோடு முடிந்தது. திரும்பி வருகிற 40,000 ரூபாவுக்கு, அதே இரவில் புது டிக்கெட் இரண்டு லட்சத்துக்கு நிற்கும்.

ஃபிளைட் ரத்தான செய்தியே எனக்கு வரவில்லையே?

பதிவில் யாருடைய போன் இலக்கம் இருக்கிறது? பெரும்பாலும் ஏஜென்சியுடையது மட்டும்தான். விமானக் கம்பனி அனுப்பிய செய்தி வெள்ளவத்தையில் பூட்டியிருக்கிற கடையின் மின்னஞ்சலில் கிடக்கும், அன்று போயா தினம் என்றால் கேட்கவே வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே உங்கள் இலக்கத்தையும், போகிற நாட்டில் உள்ள உறவினரின் இலக்கத்தையும் பதிவில் போடச் சொல்லுங்கள். தங்கள் வாடிக்கையாளரை விமானக் கம்பனி இழுத்துவிடும் என்று சில ஏஜென்சிகள் போடாமல் விடும் பழக்கம் இருக்கிறது. வற்புறுத்துங்கள்.

அம்மா தனியாக டொரண்டோ போகிறா. இங்கிலீஷ் தெரியாது. ட்ரான்சிட்டில் மாட்டுப்பட்டால்?

இதில் ஏஜென்ட்டின் வேலை பயணத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பதிவில் இரண்டு விஷயம் போடுவிக்கலாம்: ஒன்று வீல்செயார், மற்றது வரவேற்று உதவுவது, எம்.ஏ.ஏ.எஸ் என்பது அதன் குறியீடு. "அம்மா நன்றாக நடப்பா, வீல்செயார் என்னத்துக்கு" என்று கௌரவம் பார்க்கிறவர்கள் உண்டு. வீல்செயார் தள்ளுகிறவர்தான் அம்மாவை ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குக் கொண்டுபோகிற ஆள். ஃபிளைட் ரத்தானாலும் அம்மா அவர்களுடைய பட்டியலில் இருப்பா, எங்கோ ஒரு கதிரையில் காணாமல் போக மாட்டா.

அப்புறம் ஒரு கடதாசி. ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில்: இவர் தமிழ் மட்டும் பேசுவார், போகும் இடம் இது, இந்த இலக்கத்துக்கு அழையுங்கள், இந்த மருந்து இத்தனை மணிக்கு. மறுபக்கத்தில் தமிழில் அம்மாவுக்கு: என்ன நடந்தால் யாரிடம் கடதாசியைக் காட்டுவது என்று. மருந்து கைப்பையில், மூன்று நாளுக்கு மேலதிகமாக. சில விமான நிலையங்களில் வைஃபைக்கு ஓடிபி வர வேண்டும், அதனால் ரோமிங்கை வெளிக்கிட முன் போட்டுவிடுங்கள். வீட்டில் ஒருதடவை அந்தப் போனில் வட்ஸ்அப் கோல் எடுத்துப் பழக்கியும் விடுங்கள்.

திருவண்ணாமலை போன இடத்தில் பாஸ்போட் தொலைந்துவிட்டது. ஏஜென்ட்டால் எடுத்துத் தர முடியுமா?

முடியாது, முடியும் என்று காசு கேட்டால் ஓடுங்கள். முதலில் அங்கத்தைய பொலிஸில் முறைப்பாடு, அதன் பிரதி. பிறகு சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் தற்காலிகப் பயண ஆவணம். பலர் இத்தோடு முடிந்தது என்று நினைத்து எயார்போட்டுக்குப் போய்த் திரும்பி வருவார்கள். விசா பழைய பாஸ்போட்டோடு போய்விட்டதால், இந்தியாவை விட்டு வெளியேற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் வெளியேறும் அனுமதியும் வேண்டும், அதற்கு ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம். இதற்கெல்லாம் சில நாள் போகும். ஏஜென்ட் செய்யக்கூடியது: பாஸ்போட் பிரதி, விசாப் பிரதி, டிக்கெட் பிரதி எல்லாம் அவரிடம் இருக்கும், உடனே அனுப்புவார். டிக்கெட் திகதியை ஃபிளைட் கிளம்ப முன் தள்ளிப்போடுவார். புது ஆவணத்தின் இலக்கத்தைப் பதிவில் மாற்றுவார்.

ஒன்லைனில் மலிவாக இருக்கிறதே, ஏஜென்ட் எதற்கு?

நேரடியாகச் சென்னை போய் வருவதற்கு விமானக் கம்பனியின் இணையத்தளத்திலேயே எடுங்கள், எனக்கு ஒரு கோபமும் இல்லை. இரண்டு மூன்று ஃபிளைட் மாறுவது, வயதானவர்கள், விசாச் சிக்கல், குடும்பமாக ஏழெட்டுப் பேர் என்றால் தமிழில் கதைத்து வேலை செய்கிற ஆள் ஒருவர் வேண்டும். நான் யாருக்கும் சிபாரிசு செய்யாதது வெளிநாட்டு மலிவு இணையத்தளங்களைத்தான். மாட்டுப்பட்டால் விமானக் கம்பனி அவர்களிடம் அனுப்பும், அவர்களிடம் கதைக்க ஆள் இருக்காது.

நல்ல ஏஜென்ட் என்று எப்படித் தெரியும்?

விமான டிக்கெட் விற்க சிவில் விமான சேவை அதிகாரசபையின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியலை அதிகாரசபையே இணையத்தளத்தில் போடுகிறது, பாருங்கள். பிறகு, காசு கட்டியதும் டிக்கெட் நம்பர் வந்ததா என்று பாருங்கள். பி.என்.ஆர் மட்டும் இருந்து டிக்கெட் நம்பர் இல்லாவிட்டால் அது வெறும் முன்பதிவு. விசாவுக்கு எடுத்த அந்தக் கடதாசியோடு கட்டுநாயக்கவுக்குப் போய்க் கவுண்டரில் திகைத்து நின்றவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "ஞாயிற்றுக்கிழமை இரவு எந்த இலக்கத்துக்கு அடிக்கிறது?" டொரண்டோவில் கோடைகாலத்தில் மதியம் 12 மணி என்றால் கொழும்பில் இரவு 9.30, கடை பூட்டியாச்சு. இதற்கு நேரான பதில் தராத இடத்தில் நான் என் அம்மாவுக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன்.

ஏஜென்ட் போனே எடுக்கவில்லை. இப்போது?

விமானக் கம்பனியின் செயலியில் பி.என்.ஆரையும் கடைசிப் பெயரையும் போட்டால் உங்கள் பதிவு திறக்கும், அவர்களாக ரத்தாக்கிய ஃபிளைட் என்றால் பல நேரம் அங்கேயே மாற்றலாம். அது சரிவராவிட்டால், ஊரில் இருக்கிற யாரையாவது விமானக் கம்பனியின் கொழும்பு அலுவலகத்துக்கு நேரே அனுப்புங்கள். பாஸ்போட் பிரதியும் நீங்கள் எழுதிய ஒரு கடிதமும் கொண்டுபோகட்டும்.

வேலைக்கென்று கூட்டிப்போய் டுபாயில் விட்டுவிட்டார்கள். டிக்கெட் போட்ட இடத்தில் கேட்கலாமா?

திரும்பி வரும் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்கலாம், அதற்கு மேல் அவர்களால் ஒன்றும் ஏலாது. இலங்கைத் தூதரகத்துக்கோ துணைத் தூதரகத்துக்கோ போங்கள், வீட்டார் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அடிக்கட்டும்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, அது தராதா?

ஷெங்கன் விசாவுக்காக எடுத்தது என்றால், விசா கேட்பது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவுக்கும் மட்டும். பிந்துவது, ரத்தாவது அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், வாசித்துப் பாருங்கள்.

நான் வந்துவிட்டேன், பெட்டி வரவில்லை.

விமான நிலையத்தை விட்டு வெளியே வர முன் பெட்டிகளுக்கான கவுண்டரில் முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். அது இல்லாமல் வீட்டுக்கு வந்தால் ஏஜென்ட்டால் பின்தொடரவே முடியாது. சர்வதேச உடன்படிக்கைப்படி உடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், பிந்தி வந்ததற்கு, அது கையில் கிடைத்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கேட்க வேண்டும்.

ரத்தான ஃபிளைட்டின் காசு எப்போது வரும்?

ஏஜென்சியில் எடுத்த டிக்கெட்டின் காசு முதலில் ஏஜென்சிக்குத்தான் வரும், பிறகுதான் உங்களுக்கு. விண்ணப்பித்த திகதியை எழுத்தில் கேளுங்கள், அதில் இருந்து வாரக்கணக்கில் எண்ணுங்கள். ஏஜென்ட்டின் சேவைக் கட்டணம் திரும்பி வராது. "கம்பனி இன்னும் தரவில்லை" என்று இழுத்துக்கொண்டே போனால், 13 இலக்க நம்பரைச் சொல்லி விமானக் கம்பனியிடம் நீங்களே கேளுங்கள், ரீஃபண்ட் ஆகிவிட்டதா, எந்தத் திகதியில் என்று சொல்வார்கள். ஆகியும் ஏஜென்சி தராமல் இருந்தால் சிவில் விமான சேவை அதிகாரசபைக்கு எழுதலாம், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு செய்யலாம். இரண்டுக்கும் ரசீது வேண்டும், கையில் காசைக் கொடுத்துவிட்டு வாய்ப்பேச்சோடு வந்தவர்களுக்கு அங்கேயும் கஷ்டம்தான்.